ஃபுல் டேங்க் போட்டதும் அடம்பிடிக்கும் வண்டி: பெட்ரோல் ஆவிக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

இரண்டு வருடமாக எந்த வண்டி பட்டறைக்குள் வந்தாலும் முதலில் காதில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "எத்தனால் கலக்குறாங்கல்ல, அதான் இப்படி." சில வண்டிகளில் அது உண்மை. ஆனால் அப்படிச் சொல்லிக்கொண்டு வந்த வண்டிகளில் கணிசமானவற்றில் நான் கடைசியில் மாற்றியது டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓடும் ஒரு ஹோஸையோ ஐந்து விரல் அகல வால்வையோதான். அதனால் ஆவி போகும் பாதையை முதலிலும் எத்தனாலைப் பிறகும் எழுதியிருக்கிறேன். பட்டறையிலும் அதே வரிசையில்தான் பார்ப்பேன்.

பாதை இவ்வளவுதான். வண்டி சும்மா நின்றாலும் டேங்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய வண்டிகளில் அது மூடித் துளை வழியாக வெளியே போய்விடும். இப்போது டேங்கின் மேலிருந்து ஒரு ஹோஸ் அந்த ஆவியைக் கேனிஸ்டருக்குக் கொண்டுபோகிறது. கேனிஸ்டர் என்பது செறிவூட்டிய கரி நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா. கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடிச் சூடான பிறகு, கேனிஸ்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் பர்ஜ் வால்வு திறக்கும். எஞ்சினின் உறிஞ்சலில் வெளிக்காற்று கேனிஸ்டருக்குள் நுழைந்து, கரியிலிருக்கும் ஆவியை வாரிக்கொண்டு போய் எரிந்துவிடும். அமெரிக்காவில் 1971 மாடல் கார்களிலேயே இது வந்துவிட்டது. நம் பைக்குகளுக்கு வந்தது பிஎஸ்4 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி காலத்தில். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது விதி இன்னும் இறுகியது.

ஆக, கேனிஸ்டருக்கு மூன்று வாய்: டேங்க் பக்கம் ஒன்று, எஞ்சின் பக்கம் ஒன்று, வெளிக்காற்றுக்கு ஒன்று. எது அடைத்திருக்கிறது, எது மூடாமல் கிடக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. மற்ற நேரத்தில் ஒரு குறையும் இல்லை

போன சித்திரையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சின்ன கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், பெட்ரோல் பம்ப் என்று மூன்றையும் மாற்றியாகிவிட்டது. "தம்பி, பங்க்ல மட்டும்தான் வம்பு பண்ணுது. பின்னாடி நிக்கிறவன் ஹாரன் அடிக்கிறான், மானம் போகுது" என்றார். "எவ்வளவு போடுவீங்க சார்?" என்று கேட்டேன். "வாய் வரைக்கும். அடிக்கடி போக முடியாதில்ல" என்றார். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிட்டது.

பர்ஜ் வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் இதுதான் நடக்கும். டேங்க் நிறையும்போது உள்ளே இருந்த ஆவி கேனிஸ்டர் பக்கம் தள்ளப்படும். செல்ஃப் அடித்ததும், மூடியிருக்க வேண்டிய வால்வு வழியாக அத்தனையும் எஞ்சினுக்குள் போய்விடும். காற்று குறைந்து பெட்ரோல் கூடி மூச்சு முட்டும். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் புகை கக்கி, இருமி, ஒரு வழியாகப் புறப்படும். அப்படி மிதித்தால் புறப்படுகிறது என்பதே ஒரு சாட்சி. பம்ப் பழுதாக இருந்தால் மிதித்தும் பலன் இருக்காது.

உறுதி செய்யக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டு அருகே இரண்டு ஹோஸும் இரண்டு பின் கனெக்டரும் உள்ள சிறு வால்வு இருக்கும். பைக்கில் பெரும்பாலும் டேங்குக்கு அடியில், த்ராட்டில் பாடிக்குப் பக்கத்தில். கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, வால்வின் வாயை விரலால் மூடுங்கள். எஞ்சின் ஆறியிருக்கையில் வால்வு மூடியிருக்க வேண்டும், விரலில் ஒன்றும் தெரியக்கூடாது. விரலைப் பிடித்து இழுத்தால் வால்வு சிக்கியிருக்கிறது. எஞ்சின் சூடான பிறகு டிக் டிக் என்று சத்தம் வருவதும் விட்டுவிட்டு இழுப்பதும் இயல்புதான். அதைக் கேட்டுப் பயந்து வால்வை மாற்றியவர்களும் உண்டு.

வால்வைக் கழற்றியதும் நேரே குப்பையில் போடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். ஆசிரியர் காரில் தட்டியபோது மிளகுத்தூள் போலக் கரித்தூள் கொட்டியது. கேனிஸ்டரின் உள்ளே கரியைத் தாங்கும் தடுப்பு உடைந்து, தூள் குழாய் வழியாக வந்து வால்வின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டது. இந்த நிலையில் வால்வை மட்டும் மாற்றினால் புது வால்வும் சில வாரத்தில் அதே கதிதான். கேனிஸ்டரையும் மாற்றி, நடுவிலுள்ள குழாயைக் கழற்றித் தனியாக ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். தூள் இல்லாமல் ஈரமாக, பெட்ரோல் சொட்டினால் கேனிஸ்டர் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும், சில சமயம் உள்ளே தளும்பும்.

நனைவதற்கு முக்கியக் காரணம் பங்க்கில் நடப்பது. துப்பாக்கி டக்கென்று நின்ற பிறகு, "ரவுண்டா போட்டுரட்டுமா சார்?" என்று கேட்டு இன்னும் நான்கைந்து தடவை அழுத்துவார்கள். டேங்கின் மேலே ஆவிக்கென்று விட்டிருக்கும் இடத்தில் திரவம் ஏறி, ஆவிக்குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குப் போகும். கரி ஆவியைத்தான் பிடிக்கும். பெட்ரோலில் ஊறினால் அது வேலைக்கு ஆகாது. வெயிலில் காயவைத்தாலும் பழைய திறன் முழுதாகத் திரும்பாது. முதல் டக்கோடு நிறுத்தச் சொல்லுங்கள், சில்லறை போனால் போகட்டும்.

வீட்டுக்குள் பெட்ரோல் நாற்றம்

இது காத்திருக்கிற விஷயமில்லை. போர்ட்டிகோவோ மூடிய ஷெட்டோ, அங்கே பூஜை விளக்கோ இன்வெர்ட்டரோ இருந்தால் முதலில் வண்டியை வெளியே தள்ளிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து எடுக்க வேண்டாம்.

அப்புறம் கேள்வி: கீழே ஈரம் இருக்கிறதா? இருந்தால் அது ஆவிக் கோளாறில்லை, பெட்ரோல் லைன் கசிவு. அந்த வேலையே வேறு. ஈரமில்லாமல் நாற்றம் மட்டும் என்றால் எந்த நேரத்தில் என்று பாருங்கள். ஃபுல் டேங்க் போட்ட இரவில் மட்டும் என்றால் டேங்கின் மேற்பகுதி: பம்ப் மூடியின் ரப்பர் வளையம், மேலே செருகியிருக்கும் ஹோஸ் முனைகள், பெட்ரோல் ஊற்றும் கழுத்துக்குழாய். கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் பெரும்பாலும் பம்ப் மூடி தெரியும். பம்ப் மாற்றியபோது பழைய வளையத்தையே போட்டு மூடிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும், வெயிலில் நின்றால் நாற்றம் என்றால் கேனிஸ்டர் பக்கம் போங்கள்.

அப்புறம் எலி. நெல் அறுவடை முடிந்த மாதங்களில் ஆவிக்குழாயில் பல் பதிந்த வண்டி வாரத்துக்கு ஒன்றாவது வரும். கடித்த இடம் பெரும்பாலும் மேலிருந்து தெரியாது. ஹோஸின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்தோ கைபேசிக் கேமராவை நீட்டியோ பார்க்க வேண்டும். மாற்றும்போது பெட்ரோலுக்கென்று தயாரான, எத்தனால் தாங்கும் ஹோஸ் மட்டும் போடுங்கள். மேஸ்திரி தண்ணி லெவல் பார்க்கும் வெள்ளை டியூப்பை மாட்டி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. சில மாதத்தில் அது மஞ்சளாகி, விறைத்து, முனையில் விரிசல் விடும்.

கசிவு தேட கம்ப்ரஸர் காற்றை டேங்குக்குள் விடவே விடாதீர்கள். டயருக்குப் போகும் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு போதும் இந்தச் சோதனைக்கு. அதற்கென்று புகைக் கருவி இருக்கிறது. இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும்.

ஓடிக்கொண்டே இருக்கும்போது இழுவை போய் நிற்கிறது. டேங்க் மூடியைத் திறந்தால் சரியாகிறது

மூடியைத் திறக்கும்போது "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் கொஞ்சம் வெளியே வருவது இயல்பு. உள்ளே இழுத்தால், அதிலும் மூடியையே இழுத்துப் பிடித்தால், டேங்க் மூச்சு விட முடியாமல் தவிக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பம்ப் எவ்வளவு நேரம்தான் இழுக்கும்?

பைக் என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, "சமீபத்தில் டேங்கைக் கழற்றினீங்களா?" பிளக் மாற்றவோ ஏர் ஃபில்டர் பார்க்கவோ டேங்கைத் தூக்கி, திரும்ப உட்காரவைக்கும்போது ஆவி ஹோஸ் ஃப்ரேமுக்கும் டேங்குக்கும் நடுவே மடங்கி நசுங்கிவிடும். அதை நேராக்கி கிளிப்பில் மாட்ட இரண்டு நிமிடம். அது சரியாக இருந்தால் கேனிஸ்டரின் வெளிக்காற்று வாய். பைக்கில் கேனிஸ்டர் தாழ்வாக இருந்தால் சேறு அடைத்திருக்கும். பல நாள் நின்ற வண்டியில் குளவி மண் கூடு கட்டியிருக்கும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், அடைப்பு உள்ளே போய்விடும். கழற்றி வெளியே வைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

காரில் பங்க் துப்பாக்கி நான்கு லிட்டருக்கு ஒருமுறை டக் டக் என்று நின்றுகொண்டே இருந்தால் ஊற்றும் கழுத்தோடு ஒட்டிப்போகும் சிறு காற்றுக்குழாயைப் பாருங்கள். மடிந்திருக்கும் அல்லது மண் அடைத்திருக்கும்.

எஞ்சின் லைட் எரிகிறது. ஓட்டத்தில் வித்தியாசமே இல்லை

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டுப் புது டேங்க் மூடி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அங்கே 1990களின் நடுவிலிருந்தே வண்டி தானாகவே டேங்கை மூடிக் கசிவு சோதனை செய்யும். அரை மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலும் பி0456, ஒரு மில்லிமீட்டருக்கு பி0442, பெரிய கசிவுக்கு பி0455, மூடி திறந்து கிடந்தால் பி0457 என்று கோடு, அதாவது கோளாறு எண், போடும். நம் ஊர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்தச் சோதனை இல்லை. பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதனால் இங்கே ஸ்கேனரில் வருவது பி0443, பி0444, பி0445 வகைதான். இவற்றுக்கும் மூடிக்கும் சம்பந்தமே இல்லை.

பி0444 என்றால் சுற்று அறுந்திருக்கிறது. கனெக்டரைக் கழற்றி வால்வின் இரண்டு பின்னுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தால் பொதுவாக 20, 30 ஓம் வாக்கில் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போய்விட்டது. சரியாகக் காட்டினால் ஒயர். மறுபடியும் எலியை நினைத்துக்கொள்ளுங்கள். வால்வுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் டக்கென்று திறக்க வேண்டும், ஊதினால் காற்று போக வேண்டும். வாயால் உறிஞ்சிப் பார்க்காதீர்கள்.

பிக்கப் இல்லை, மைலேஜ் விழுந்துவிட்டது: எத்தனாலா, வேறு ஏதாவதா?

இங்கேதான் எத்தனாலை விசாரிக்க வேண்டும், அதையும் எண்ணை வைத்து விசாரிக்கலாம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனால் அதிகம் ஊற்ற வேண்டும். பத்து சதவீதம் எத்தனால் கலந்த இ10-க்கு இந்தக் கணக்கு சுமார் 14.1, இருபது சதவீதம் கலந்த இ20-க்கு 13.5. ஆகவே இ10-க்கு டியூன் செய்த வண்டியில் இ20 ஊற்றினால் கம்ப்யூட்டர் நான்கைந்து சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டிவரும். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் ஃபியூயல் டிரிம்; ஸ்கேனரில் நீண்டகால டிரிம் பிளஸ் 4, 5 என்று காட்டினால் அது எத்தனாலின் கையெழுத்து, கோளாறில்லை. மைலேஜைப் பொறுத்தவரை, நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையின் மதிப்பீடு இது: வெறும் பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும் அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும் குறையும். 45 கொடுத்த பைக் 43 கொடுத்தால் எத்தனால். 32 கொடுத்தால் வேறு ஏதோ.

டிரிம் பிளஸ் 15, 20 என்று போனால் ஐட்லிங்கில் ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை பாருங்கள். ஐட்லிங்கில் அதிகமாக இருந்து ஆர்பிஎம் ஏறும்போது இறங்கினால் எங்கோ காற்று உள்ளே போகிறது. பர்ஜ் வால்விலிருந்து இன்டேக்குக்குப் போகும் ஹோஸ் வெடித்திருந்தாலும் இப்படித்தான். ஐட்லிங்கில் சரியாக இருந்து ஏற்றத்தில் கூடினால் ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் தளர்ச்சி. பல வருடம் டேங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும், அந்த வகையில் அதற்கும் பங்குண்டு.

டிரிம் மைனஸில் போனால், சூடான எஞ்சினில் பர்ஜ் ஹோஸைக் குறட்டால் மெல்ல நசுக்கிப் பிடியுங்கள். அரை நிமிடத்தில் டிரிம் பூஜ்யம் பக்கம் திரும்பினால் கேனிஸ்டர் நனைந்திருக்கிறது. எனக்குப் பிடித்த சோதனை இது. செலவே இல்லை, பத்துக்கு எட்டுத் தடவை வாதத்தை முடித்துவைக்கும்.

கார்புரேட்டர் வண்டியில் இந்தத் திருத்தம் எதுவும் கிடையாது, ஜெட் அளவு போட்டதுதான். அதில் இ20 ஓடினால் லீனாகவே, அதாவது காற்றுக்கு எரிபொருள் குறைவாகவே, ஓடும். மாதக்கணக்கில் நின்றிருந்தால் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், ஃப்ளோட் ஊசியின் ரப்பர் உப்பியிருக்கும். அங்கே எத்தனால்மேல் பழி போடுவது நியாயம்தான்.

பெட்ரோலில் உண்மையில் எவ்வளவு எத்தனால்?

பிரேசில் பங்க்குகளில் செய்யும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. 100 மில்லி கண்ணாடி அளவு ஜாடி, மூடியோடு. லிட்டருக்கு 100 கிராம் வீதம் உப்புக் கரைத்த தண்ணீர். ஜாடியில் 50 மில்லி பெட்ரோல், அதன்மேல் 50 மில்லி உப்புத் தண்ணீர். மூடி, குலுக்காமல், பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, கால் மணி நேரம் விடுங்கள். எத்தனால் முழுக்க தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். கீழ் அடுக்கு 50-லிருந்து எத்தனை மில்லி கூடியதோ அதை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் சதவீதம். ஒன்பதரை மில்லி கூடினால் 20. திறந்த வெளியில், அடுப்பு, சிகரெட், வெல்டிங் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். என் பட்டறையில் சந்தேகப்பட்டு வருபவர் முன்னாலேயே செய்து காட்டுவேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு நின்றுபோன பைக்

டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சிறு வடிகால் துளை இருக்கும். அது தூசியால் அடைத்தால் மழைநீர் குளமாகத் தேங்கி, மூடியின் ரப்பர் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். இ10 லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், இ20 அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அந்த அளவு தாண்டியதும் தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தனி அடுக்காகக் கீழே உட்காரும். பம்பின் வாயும் அங்கேதான் இருக்கிறது. அடியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் கோடு தெரிந்தால் டேங்கை முழுதாக வடிக்க வேண்டியதுதான். புதுப் பெட்ரோல் ஊற்றிக் கலக்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் இன்ஜெக்டருக்கும் சேர்த்துச் செலவாகும்.

ஃப்ளெக்ஸ் வண்டி: எரிபொருளை மாற்றியதும் தகராறு

பிரேசிலில் 2003-இல் ஃபோக்ஸ்வாகனின் கோல் கார் தொடங்கி வைத்த வகை இது: பெட்ரோல், எத்தனால், இரண்டும் எந்த விகிதத்தில் கலந்தாலும் ஓடும். நம் பக்கம் ஓசூர் டிவிஎஸ் 2019-இல் எத்தனாலில் ஓடும் அப்பாச்சி பைக்கைக் கொண்டுவந்தது. 2024-இல் ஹோண்டாவின் சிபி300எஃப், இ85 வரை தாங்கும் ஃப்ளெக்ஸ் மாடலாக வந்தது. என் கைக்கு இவை அதிகம் வரவில்லை, அதனால் அடிப்படையை மட்டும் சொல்கிறேன்.

குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எத்தனாலின் இயல்பை நினையுங்கள். பெட்ரோலில் 10 சதவீதம் கலந்தால் ஆவியழுத்தம் சற்றுக் கூடும். 85 போட்டால் வெறும் பெட்ரோலைவிடக் கீழே போய்விடும். தூய எத்தனாலில் 15 டிகிரிக்குக் கீழே ஆவி போதாது. அதனால்தான் பழைய பிரேசில் கார்களில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே பானெட்டுக்குள் தனியாகக் குட்டி பெட்ரோல் டேங்க் இருக்கும்; 2009-இல் இன்ஜெக்டருக்கு முன்பே எரிபொருளைச் சூடாக்கும் ஏற்பாடு வந்து அதைத் தேவையில்லாமல் ஆக்கியது. மார்கழியில் ஊட்டியில் விடியற்காலை எடுக்க வேண்டியிருந்தால், முந்தின நாள் டேங்கில் கொஞ்சம் சாதாரணப் பெட்ரோல் சேர்த்துவிடுங்கள்.

எரிபொருளை மாற்றிய மறுநாள் காலையில் மட்டும் தகராறு என்றால் வண்டி புதுக் கலவையைக் கற்றுக்கொள்ளவில்லை. எத்தனால் அளவைப் பார்க்கும் தனி சென்சார் இல்லாத ஃப்ளெக்ஸ் வண்டிகள் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத்தான் விகிதத்தை ஊகிக்கும். பங்க்கிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து நிறுத்திவிட்டால் அதன் கணக்கில் இன்னும் பழைய பெட்ரோல்தான். வகை மாற்றிப் போட்டால் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஆக்சிஜன் சென்சார் சோர்ந்திருந்தால் ஊகமே தப்பாகும், ஆகையால் இந்த வண்டிகளில் அதைச் சந்தேகப்படும் வரிசையில் முன்னால் வையுங்கள்.

தனி சென்சார் உள்ள வண்டியில் வேலை சுலபம். பரவலாக இருக்கும் வகை 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் எத்தனால் இல்லை, 150 கொடுத்தால் நூறு சதவீதம். இ20-க்கு 70, இ85-க்கு 135. பி0178, பி0179 என்று கோடு வந்தால் சென்சாரை ஆர்டர் போடுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிப் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஜாடிச் சோதனை. எத்தனால் அதிகமுள்ள எரிபொருளில் கீழ் அடுக்குக் கணக்கு பிசகும், மேலே மிதக்கும் பெட்ரோலை அளப்பது எளிது: இ85-இல் 50 மில்லிக்கு ஏழெட்டு மில்லிதான் மேலே நிற்கும். ஜாடியும் ஹெர்ட்ஸும் ஒத்துப்போனால் சென்சாரை விட்டுவிட்டு ஒயரிங்கைத் தேடுங்கள். 150-ஐயும் தாண்டிக் காட்டினால் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று மறுபடி டம்ளரை எடுங்கள்.